வெள்ளிக்கிழமைக்கு ஒரு கமீலியா

ஆடி மாதத்தில் நேர்த்தி வைப்பவருக்கு ஆடி மாதம்தான் கண்ணில் தெரியும். என் கதையும் அதுதான்.

2006ஆம் ஆண்டு அது. ஊரில் சண்டை திரும்பவும் தொடங்கியிருந்தது. என் கடைசித் தம்பியை ஏஜென்சிக்காரன் ஒருவன் கொழும்பிலிருந்து கூட்டிக்கொண்டு போய், மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு பட்டணத்தில், வேறு சில தமிழ்ப் பொடியங்களோடு ஓர் அறையில் வைத்திருந்தான். அடுத்த கிழமை கனடா என்று சொல்லித்தான் கொண்டு போனான். அவனுடைய அடுத்த கிழமை வருகிற மாதிரித் தெரியவில்லை. மொன்றியலில் இருந்துகொண்டு நான் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. ஆடி வெள்ளிக்குக் கோயிலுக்குப் போன இடத்தில், அம்மனுக்கு முன்னால் நின்று, என் தம்பி இங்கே வந்து சேரும்வரைக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் வளவில் பூத்த பூவை என் கையாலேயே பிடுங்கி உனக்கு வைப்பேன் என்று சொல்லிவிட்டேன். கடைப்பூ வைக்கமாட்டேன் என்பதையும் கூடவே சொன்னேன். அது ஒருவரும் கேட்காமல் நானாகப் போட்ட முடிச்சு.

திரும்பி வரும்போது காரில் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் துறைமுகத்தில் பாரவண்டி ஓட்டுகிறவர். எதையும் கொஞ்சத் தூரம் ஓடிய பிறகுதான் பேசுவார். சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டார்.

"அப்ப தை மாசம் என்னத்தை வைக்கப் போறீர்? ஐஸ்கட்டியையோ?"

"தை வரைக்கும் அவன் அங்கயே கிடப்பான் எண்டோ சொல்லுறியள்?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. பூவைப் பற்றித்தான் கேட்டனான்."

அன்றைக்கு முழுதும் அவரோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆவணிக்குள் தம்பி வந்துவிடுவான் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம்.

மொன்றியலின் வில்லரேப் பகுதியில் நாங்கள் வாங்கியிருந்த வீட்டுக்குப் பின்னால் சின்ன வளவு ஒன்று இருந்தது. முன்பு இருந்த இத்தாலியக் குடும்பம் விட்டுப்போன ரோசாக்கள், வசந்தத்தில் மஞ்சளாகப் பூக்கிற ஒரு போர்சித்தியாப் பற்றை, நான் நட்ட செவ்வந்திகள். ஆவணி, புரட்டாதி வெள்ளிகளில் தட்டு நிறையப் பூ இருந்தது. தெரிந்தெடுத்து வீட்டுச் சாமியறையில் அம்மன் படத்துக்கு வைத்தேன். பூச்சி தொட்டதைத் தள்ளி வைக்கிற அளவுக்கு எனக்கு வசதி இருந்தது. செப்டெம்பர் முடிகிற நேரத்தில் ஒருநாள் காலையில் ஜன்னலால் பார்த்தால் புல்லின் மேல் வெள்ளையாக உறைபனி. செவ்வந்திகள் கறுத்துத் தலை தொங்கிப் போய்க் கிடந்தன. தம்பி இன்னும் அதே அறையில்தான் இருந்தான்.

அடுத்த சனிக்கிழமை ஆற்றுக்கு அப்பால் இருக்கும் ஒரு பெரிய நாற்றுப் பண்ணைக்குப் போனோம். நான் ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்குச் சமைக்கிற வேலை செய்தேன். என் பிரெஞ்சு, பிள்ளைகளை வரிசையில் நிற்கவும் கை கழுவவும் சொல்லப் போதுமான பிரெஞ்சு. அதை வைத்துக்கொண்டு, குளிர்காலத்தில் பூக்கிற செடி வேண்டும் என்று அங்கே நின்ற பெண்ணிடம் கேட்டேன். அவள் நான் ஏதோ பிழையாகச் சொல்கிறேன் என்று நினைத்து, கோடைகாலத்திலா என்று திருப்பிக் கேட்டாள். இல்லை, பனியில் என்றேன். அவள் என் கணவரைப் பார்த்தாள். அவர் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல மண் மூட்டைகளின் விலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நல்ல பிள்ளை அவள். சிரிக்காமல் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்டினாள். முதலில் காட்டியது, இலையெல்லாம் கொட்டிய பிறகு வெறும் கொப்பில் சிவப்புச் சிவப்பாய்ப் பழம் பிடிக்கிற ஒரு செடி. மாசி வரைக்கும் நிற்குமாம்.

"நல்ல வடிவாயிருக்கு. அம்மனுக்குக் குங்குமம் மாதிரி," என்றார் கணவர்.

"பூ எண்டுதான் நேந்தனான். பழம் எப்பிடிப் பூவாகும்?"

"அம்மன் அவ்வளவு நுணுக்கமாப் பாப்பாவோ?"

"நான் பாப்பன்."

அடுத்தது ஹெதர். நிலத்தோடு நிலமாகப் படர்கிற சின்னச் செடி. பூக்கும், ஆனால் மொன்றியல் பனி அதன்மேல் இடுப்பளவுக்குக் கிடக்கும். வெள்ளிக்கிழமைகளில் மண்வாரியோடு போய்த் தோண்டித்தான் எடுக்கவேண்டும். மூன்றாவதாகக் காட்டிய விச் ஹேசல்தான் காரியத்துக்கு உதவியது. எல்லா மரமும் இலையை உதிர்த்துவிட்டு நிற்கிற ஒக்டோபரில் அது பூக்கத் தொடங்குமாம். கார்த்திகை வரைக்கும், சில வருடம் மார்கழித் தொடக்கம் வரைக்கும் நிற்குமாம். அதை வாங்கினேன். பிறகு அது பூத்தபோது பார்த்தால், மஞ்சள் போட்டுப் பிசைந்த தேங்காய்த்துருவல் மாதிரி இருந்தது. உதுதானோ பூ என்று கணவர் கேட்டார். எனக்கும் ஏமாற்றம்தான், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. காம்போடு கிள்ளி வைத்தேன். பூ பூதான்.

மார்கழி, தை மிச்சமிருந்தன. அதற்கு என்ன செய்வது என்று கேட்டபோது அவள் தயங்கினாள். பிறகு கண்ணாடிக் கூடாரத்தின் கடைசி மூலைக்குக் கொண்டுபோய் கமீலியாவைக் காட்டினாள். தொட்டியில் என் மார்பளவுக்கு நின்றது. துடைத்து வைத்ததுபோலக் கரும்பச்சை இலைகள். ஒவ்வொரு கொப்பின் நுனியிலும் பருத்த மொட்டு. கட்டியிருந்த அட்டையில், அடுக்கடுக்காக இதழ் விரித்த ஒரு சிவப்புப் பூவின் படம். அம்மனுக்கென்றே செய்த பூ அது.

இது பசிபிக் கரைப் பக்கத்திலிருந்து வந்தது, அங்கே வெளியில் வளரும், இங்கே வெளியில் வைத்தால் முதல் குளிரிலேயே செத்துவிடும் என்றாள் அவள். வீட்டுக்குள்ளே, வெளிச்சம் உள்ள, குளிரான இடத்தில் வைக்கச் சொன்னாள். மொன்றியலில் குளிரான இடத்துக்கா பஞ்சம் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

வரும் வழியில் எனக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது. தொட்டியில் வீட்டுக்குள் நிற்கிற செடி என் வளவாகுமா? இதற்குக் கணவர்தான் வழி கண்டுபிடித்தார். வளவில் ஒரு கை மண் அள்ளித் தொட்டிக்குள் போட்டார். "இப்ப இது வளவு. வரி கட்டுறது நான், நான் சொல்லுறன்," என்றார். அதற்குப் பிறகு என் மனம் கேள்வி கேட்கவில்லை.

தம்பியோடு பேசுவது ஞாயிற்றுக்கிழமைகளில். தெரு முனையில் உள்ள டெப்பனர் கடையில் போன்கார்ட் வாங்கிக்கொண்டு வந்து, அந்த அறையில் இருந்த கைத்தொலைபேசிக்கு எடுப்பேன். அவனுக்கும் எனக்கும் வயது வித்தியாசம் அதிகம். நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அவன் காற்சட்டைப் பொடியன். என்ன சாப்பிட்டாய், காய்ச்சல் இல்லையே என்று கேட்ட பிறகு இருவருக்கும் பேச எதுவும் இருக்காது. அவனுடைய நிலைமையைக் கேட்க எனக்குப் பயம், சொல்ல அவனுக்குப் பயம். அந்த வெறுமையான நிமிடங்களை நிரப்பத்தான் நான் செடிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். நேர்த்தியைச் சொன்னேன், பழமா பூவா என்ற வழக்கைச் சொன்னேன், துருவல் பூவைச் சொன்னேன். அவன் சிரித்தான். நான் கேட்டே இராத, வளர்ந்த ஆணின் சிரிப்பு அது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவனே முந்திக்கொண்டு கேட்பான்.

"அக்கா, இந்த வெள்ளி வச்சனீங்களோ?"

"ஓம். வச்சனான்."

அப்போது அந்தப் பக்கம் ஒரே இரைச்சலாக இருக்கும். போனை எல்லாரும் கேட்கிற மாதிரி வைத்திருக்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது. "இஞ்ச எல்லாரும் கேக்கினம் அக்கா. வெளியில போக விடமாட்டாங்கள். கிழமைக்கு ஒருக்கா வாற நியூஸ் உங்கட பூ மட்டும்தான்."

கமீலியாவை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் அதை எங்கே வைப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. சாமிக்குப் பூ கொடுக்கிற செடி சாமியறையில்தான் இருக்கவேண்டும். சமையலறைக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன அறைதான் வீட்டிலேயே சூடு கூடியது. ஹீட்டர் ஒரு பக்கம், விளக்கு ஒரு பக்கம். தினமும் காலையில் கற்பூரமும் சாம்பிராணியும். பக்தியோடு தண்ணீர் விட்டேன். கார்த்திகை நடுவில் ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால், தரையில் மொட்டுகள் கிடந்தன. விரியாத, முழு மொட்டுகள். காற்று இல்லை, கை படவில்லை, தானாகவே கழன்று விழுந்திருந்தன. அடுத்த நாளும் விழுந்தன. அந்த மொட்டுகளில் ஒவ்வொன்றும் எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை. அவன் வந்து சேர்வதற்கு நான் வைத்திருந்த வழி அது ஒன்றுதான்.

கோயிலில் பழக்கமான ஒரு கோயம்புத்தூர்ப் பெண் இருந்தாள். கணவன் கம்ப்யூட்டர் வேலை, இவள் தாவரவியல் படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். சாமியறைக்குள் வந்தவள் செடியைப் பார்ப்பதற்கு முன்னால் ஹீட்டரைப் பார்த்தாள்.

"அக்கா, இங்க வெச்சா ஒரு மொட்டுகூட நிக்காதுங்க. இதுக்குக் குளுரு வேணும். ஆனா உறையக் கூடாது. வெளிச்சமும் வேணும்."

வீடு முழுக்க நடந்து பார்த்தாள். கடைசியில் முன்வாசலுக்குப் போய் நின்றாள். தெருக்கதவுக்கும் உள்கதவுக்கும் இடையில், கண்ணாடி வைத்த ஒரு சின்ன இடம். மொன்றியலில் பல வீடுகளில் அப்படி ஒன்று இருக்கும். ஹீட்டர் கிடையாது. வருகிறவர்கள் பனி ஒட்டிய சப்பாத்தை அங்கேதான் கழற்றுவார்கள்.

"இதான் சரியான எடம்," என்றாள்.

"சப்பாத்துக்குப் பக்கத்திலயோ?"

"செடிக்கு என்ன தெரியுங்க அக்கா?"

செடிக்குத் தெரியாது, எனக்குத் தெரியுமே. சாமிக்கு வைக்கிற பூவை எவருடைய செருப்புக்குப் பக்கத்திலோ பூக்க விடுவதா? அன்று முழுவதும் முடியாது என்று நின்றேன். மறுநாள் காலை இன்னும் இரண்டு மொட்டு தரையில் கிடந்தது. அதோடு என் பிடிவாதம் உடைந்தது. ஆனால் சப்பாத்தோடு செடியை வைக்கவில்லை. சப்பாத்துகளை வீட்டைவிட்டுத் துரத்தினேன். முன்வாசலைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கமீலியாவைக் குடியேற்றினேன். எல்லாருடைய சப்பாத்தும் பின்படிக்கட்டில், பனிக்குள். கணவர் விடிய எழும்பி, உறைந்து கல்லாகிப் போன பூட்ஸுக்குள் காலை விட்டுக்கொண்டு, "உம்மட தம்பி வந்து இறங்கினவுடன என்ர காலைத்தான் முதல் காட்டப் போறன்," என்பார். வந்த விருந்தினர் எங்களுக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று விட்டேன்.

இந்தச் சப்பாத்துக் கதையை ஞாயிற்றுக்கிழமை சொன்னபோது அந்த அறையே இடிந்து விழுகிறதுபோலச் சிரித்தார்கள். ஒருவன் இருமி இருமிச் சிரித்தான். இன்னொருவன், "அத்தானுக்கு ரெண்டு சோடி மேஸ் போடச் சொல்லு, கால் விறைக்காது," என்று கத்தினான். கனத்த குரல் ஒன்று, தன்னுடைய அம்மாவும் பூக்கண்டு வளர்க்கிறவதான் என்று சொல்லச் சொன்னது. நானும் சிரித்தேன். அந்த மாரிகாலத்தில் நான் சிரித்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

எஞ்சிய மொட்டுகள் நின்றன. மார்கழியில் முதல் பூ விரிந்தது. அட்டையில் இருந்த படம் பொய் சொல்லவில்லை. வெளியே தெரு முழுக்க வெள்ளை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அந்த ஒரு சிவப்பு. பிடுங்க மனம் வரவில்லை, ஆனாலும் பிடுங்கினேன். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைக்கு ஒன்று என்று கணக்காகத் தந்தது. தை மாதத்தில் கடும் குளிர் விழுந்த ஒரு கிழமை மட்டும் மொட்டு பாதியில் நின்றுவிட்டது. பாதி விரிந்ததையே வைத்தேன். அந்த ஞாயிறு அதை ஒளிக்காமல் சொன்னேன்.

அந்தக் கனத்த குரல், "அப்ப நாங்கள் பாதி வழி வந்திட்டம்," என்றது. தம்பி அதைத் திருப்பிச் சொன்னான்.

கமீலியா முடிந்தபோது போர்சித்தியா கை கொடுத்தது. பனிக்குள் நிற்கும் அதன் மொட்டைக் கொப்புகளை வெட்டி உள்ளே தண்ணீரில் வைத்தால், வசந்தம் வந்துவிட்டதென்று ஏமாந்து பூக்கும் என்று அந்தக் கோயம்புத்தூர்க்காரி சொல்லித் தந்திருந்தாள். கணவர் இடுப்பளவு பனியில் பாதை வெட்டித் தர, நான் போய் வெட்டினேன். மாசியில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. ஒரு வெள்ளியும் தவறவில்லை.

மார்ச் மாதத் தொடக்கத்தில், ஒரு புதன்கிழமை, தம்பி வந்து சேர்ந்தான். விமான நிலையத்தில் அகதி என்று சொல்லி, விசாரணை எல்லாம் முடிந்து, எங்களிடம் விட்டார்கள். கதவடியில் நின்ற மெலிந்த ஆணை நான் கட்டிப்பிடித்து அழுதேன். அவன் அழவில்லை. சப்பாத்தை எங்கே கழற்றுவது என்று கேட்டான். கணவர் பெரிதாகச் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. மொட்டில்லாமல் நின்ற கமீலியாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனான்.

வெள்ளிக்கிழமை காலையில் நேர்த்தி நிறைவேறிய சந்தோஷத்தில் பொங்கல் பொங்கினேன். விளக்கேற்றிப் படையல் வைத்தேன். சாடியில் போர்சித்தியா நிறையப் பூத்திருந்தது. அதைத் தொடவில்லை. தம்பி குளித்துவிட்டு வந்து சாமியறை வாசலில் நின்றான். அம்மன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இண்டைக்குப் பூ வைக்கேல்லையோ?"

"நேர்த்தி முடிஞ்சுதடா. நீதான் வந்திட்டியே."

சத்தம் கூட்டாமல்தான் கேட்டான்.

"எனக்கு மட்டுமோ நேந்தனீங்கள்?"

வேறு யாருக்கு என்று நான் திரியைத் தூண்டிக்கொண்டே கேட்டேன்.

"எங்கள் எல்லாருக்கும் எண்டுதான் அக்கா நாங்கள் நினைச்சனாங்கள். அங்க இன்னும் ரெண்டு பேர் இருக்கினம். ஒருத்தனை வேற பாதையால கொண்டுபோனவங்கள். தகவல் இல்லை. இண்டைக்கு வெள்ளி. பூ வச்சாச்சு எண்டு இருப்பாங்கள்."

மிச்சப் பொங்கல் அடுப்பில் இருந்தது. நான் அப்படியே விட்டுவிட்டுச் சாடியில் இருந்த கொப்பைப் பிடித்தேன். அவசரத்தில் இழுத்ததில் பூ பாதி கொட்டியது. கொட்டியதை வைக்கக்கூடாது என்பது எனக்கு அப்போதும் ஞாபகம் இருந்தது. மிச்சத்தைக் கிள்ளி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை போன்கார்ட் வாங்கி அந்த இலக்கத்துக்கு எடுத்தோம். மணி அடிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அடிக்கவில்லை. எத்தனையோ ஞாயிறுகள் எடுத்துப் பார்த்தோம்.

தம்பி சில மாதம் எங்களோடு இருந்துவிட்டு ரொறொன்ரோவுக்குப் போனான். என்னோடு கோபம் என்று சொல்ல முடியாது. தொலைபேசியில் அந்த மாரிகாலத்தில் எனக்குக் கிடைத்த தம்பி மட்டும் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை. பேசுவதற்குச் செடியும் இல்லை, வெள்ளிக்கிழமையும் இல்லை. இப்போதும் நல்ல நாள் பெருநாளுக்கு எடுப்பான். என்ன சாப்பிட்டாய் என்று கேட்பேன்.

அதற்கெல்லாம் முன்பு, அவன் வந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை, போர்சித்தியாக் கொப்போடு கோயிலுக்குப் போனேன். நேர்த்தியை முடித்துவிட்டேன், ஆனால் முடிக்கக்கூடாது என்று எப்படி அம்மனுக்குச் சொல்வது என்று தெரியாமல், ஓர் அர்ச்சனை என்று தட்டை நீட்டினேன். போகும் முன் தம்பியிடம் அந்த அறையில் இருந்தவர்களுடைய பெயர்களைக் கேட்டேன். அவன் தெரியாது என்று தலையை ஆட்டினான். அங்கே ஒருவரும் சொந்தப் பெயர் சொல்வதில்லையாம், ஏஜென்சிக்காரன் விடமாட்டானாம். கடவுச்சீட்டுக்குப் பெயர் மாறிக்கொண்டே இருக்குமாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் இருமிச் சிரிக்கிற ஒருவன், மேஸ் போடச் சொன்ன ஒருவன், பாதி வழி வந்துவிட்டோம் என்று சொன்ன ஒருவன். மாரி முழுவதும் என் மொட்டுகளை அவர்கள் விசாரித்தார்கள். அவர்களில் ஒருவரையாவது நான் விசாரித்ததில்லை.

ஐயர் பூவை வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டு வழக்கம்போலக் கேட்டார்.

"பேர், நட்சத்திரம்?"

எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். ஐயர் இன்னொரு முறை கேட்டார். எனக்குத் தெரிந்திருந்தது ஒரே ஒரு பெயரும் ஒரே ஒரு நட்சத்திரமும்தான். வந்து சேர்ந்துவிட்டவனுடைய பெயரையே திரும்பவும் சொன்னேன்.